120க்கு 80 திடலில் பொதுக்கூட்டம்: நாற்காலி, நேரம், "அவர்களே" கணக்கு

(கூட்ட ஏற்பாடு பற்றி ஒரு குழுவில் நடந்த பேச்சு. தேதிக்கு முன்னால் இருப்பவை பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

நகரக் கிளை | நவம்பர் 4, காலை 9.10

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் நகராட்சித் திடல், 120 அடிக்கு 80 அடி. குடிநீர், பாதாளச் சாக்கடை விவகாரம் பற்றி 23ஆம் தேதி ஞாயிறு மாலை பொதுக்கூட்டம். கட்சியின் மாவட்ட நிர்வாகத்திலிருந்து நாலு பேர், தலைமையிலிருந்து ஒரு பேச்சாளர். இந்தத் திடல் 2,000 பேர் தாங்கும் என்று ஊரே சொல்கிறது. 2,000 நாற்காலிக்கு இன்று முன்பணம் கொடுக்கப் போகிறேன். மேடை, ஜெனரேட்டர், மைக் செட் அளவு சொல்லுங்கள். மனு யாரிடம், எத்தனை நாள் முன்னால்?

சாரம் | நவம்பர் 4, காலை 9.50

முன்பணம் பையிலேயே இருக்கட்டும்.

120 அடி நீளத்தில் மேடைக்கு 16 அடி. மேடைக்குப் பின்னால் ஆள் நடக்கவும் கேபிள் ஓடவும் 10 அடி. முன்னால் காலியாக 12 அடி. 38 போனால் மீதி 82. அதை 80ஆல் பெருக்கினால் 6,560 சதுர அடி. பிளாஸ்டிக் நாற்காலி 2 அடி அகலம் என்று வையுங்கள். வரிசைக்கு வரிசை 3 அடி விட வேண்டும். அதற்குக் குறைந்தால் நடுவில் இருக்கும் ஒருவர் எழுந்து போக வரிசையே எழுந்து நிற்கும். ஆக ஆளுக்கு 6 சதுர அடி, நடுவழி பக்கவழி சேர்த்து 8. மொத்தம் 820 நாற்காலி.

2,000 என்பது மேடையே போடாமல் ஊர் முழுக்க வந்து நின்றால்.

வக்கீல் | நவம்பர் 4, காலை 10.40

மனு காவல் ஆய்வாளரிடம், நகல் டிஎஸ்பி அலுவலகத்துக்கு. சென்னை மாநகரில் 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவைக் காட்டுவார்கள். மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2). ஐந்து நாள் முன்னால் என்பது குறைந்தபட்சம். உங்களுக்கு 19 நாள் இருக்கிறது, நாளையே கொடுங்கள். மறுத்தால் உயர்நீதிமன்றம் போக நாள் வேண்டும்.

மனுவில் இருக்க வேண்டியவை: இடம் (வரைபடத்தோடு), தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பேச்சாளர் பெயர்கள், வாகனங்களின் எண்ணிக்கை, அவை நிற்கும் இடம், பொறுப்பாளர்கள் இருவரின் கைப்பேசி எண். திடல் நகராட்சியுடையது, அதனால் ஆணையரிடம் தனி அனுமதி, வாடகை ரசீது. ஒலிபெருக்கிக்குத் தனியாகக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி அதற்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

மனுவைக் கொடுத்துவிட்டு வாய்வார்த்தையில் "சரி, பண்ணுங்க" என்பதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து. மறுப்பதாக இருந்தாலும் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்சநீதிமன்றம் 1972லேயே சொல்லிவிட்டது: பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை நெறிப்படுத்தலாம், ஆனால் வரையறை எதுவும் இல்லாமல் மறுக்கும் அதிகாரத்தை ஓர் அதிகாரியின் கையில் கொடுக்க முடியாது. "மேலிடத்தில் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்பதை எந்த ரிட் மனுவிலும் இணைக்க முடியாது.

மைக்செட் | நவம்பர் 4, பகல் 12.15

மனுவில் பெட்டி வடிவ ஒலிபெருக்கி என்றே எழுதுங்க. கூம்பு என்று ஒரு வார்த்தை வந்தால் அடித்துத் திருத்திக் கொடுப்பார்கள், அதற்கு இரண்டு நாள் போகும். இரவு 10 மணி என்பது சட்டப்படி கடைசி நிமிடம். 10 மணிக்கு ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும், நன்றியுரை அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

திடலிலிருந்து 100 மீட்டருக்குள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஏதாவது உண்டா? இருந்தால் அமைதி மண்டலம். ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லையே என்ற வாதம் எடுபடாது. நடந்தே போய் அளந்து பாருங்க.

நகரக் கிளை | நவம்பர் 4, இரவு 8.30

தனியார் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அளந்ததில் 140 மீட்டர். தப்பித்தோம். 820 நாற்காலி சொல்லிவிடட்டுமா? கூட்டம் 6 மணிக்கு. பேச்சாளர் 8.30க்குத்தான் மேடை ஏறுவார், அதற்கு முன் பக்கத்து ஊரில் ஒரு நிகழ்ச்சி.

சாரம் | நவம்பர் 4, இரவு 9.25

நாற்காலி, மேடை எல்லாம் அப்புறம். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்னதுதான் முதல் பிரச்சினை.

நோட்டீஸில் 6 மணி. நடுத்தர ஊரில் 6 மணி என்று போட்டால் பெண்களும் வயதானவர்களும் 5.30க்கே வந்து முன்வரிசையில் உட்கார்வார்கள். இளைஞர்கள் 8 மணிக்குப் பிறகு வந்து பின்னால் நிற்பார்கள். பேச்சாளர் 8.30 என்றால் 9.10. முதலில் வந்தவர் அதுவரை மூன்றரை மணி நேரம் காத்திருந்திருப்பார். தண்ணீர் தீர்ந்திருக்கும், குழந்தை அழுதுகொண்டிருக்கும், கழிவறைக்குப் போனால் நாற்காலி போய்விடும் என்று அடக்கிக்கொண்டிருப்பார்கள். கார் வந்து நிற்கும்போது பின்னாலிருந்து எல்லோரும் முன்னால் வருவார்கள். முன்னால் இருப்பவர்களோ வீட்டுக்குப் போக எழுந்துகொண்டிருப்பார்கள், ஏனென்றால் 9.20க்குக் கடைசி டவுன் பஸ். இரண்டு கூட்டமும் ஒரே நடுவழியில் எதிரெதிராக மோதும்.

நோட்டீஸில் 7 மணி போடுங்கள். மற்றவர்கள் 7.10 முதல். சிறப்புரை 8 மணி. முடிவு 8.50. பேச்சாளர் பக்கத்து ஊர் நிகழ்ச்சியை நம் கூட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் அவர் இல்லாமலே கூட்டம் நடக்கும் என்று மாவட்டத்திடம் இன்றே சொல்லுங்கள்.

நகரக் கிளை | நவம்பர் 5, காலை 7.05

அவர் இல்லாமல் நடத்தினால் மாவட்டம் என்னை நடத்த விடாது.

சாரம் | நவம்பர் 5, காலை 7.40

அப்படியானால் அவரை முதலில் பேச விடுங்கள். 7 மணிக்கு இங்கே சிறப்புரை, 8 மணிக்குப் பக்கத்து ஊர். "சிறப்புரை கடைசியில்தான்" என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கணக்கு | நவம்பர் 5, காலை 9.00

சட்டத்தில் இல்லை, ஆனால் அவர் போனதும் திடல் காலியாகிவிடும் என்ற பயத்தில் இருக்கிறது. பயம் நியாயமானதும்கூட. நடுவழி: வரவேற்பு, தலைமையுரை, உள்ளூர்ப் பிரச்சினை பேசுபவர் ஒருவர், பிறகு சிறப்புரை. மற்றவர்களுக்கு மேடையில் நாற்காலி உண்டு, மைக் கிடையாது.

மைக்செட் | நவம்பர் 5, காலை 11.10

"மைக் கிடையாது" என்று எழுதுவது சுலபம். நான் "அவர்களே" கணக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். மேடையில் 45 பேர். பதவியோடு ஒரு பெயர் சொல்ல 8 விநாடி. "மாவட்டத் துணைச் செயலாளர், அன்பிற்கினிய அண்ணன் ... அவர்களே." 45 பெயருக்கு 6 நிமிடம். ஏழு பேர் பேசினால் ஏழு தடவை. 42 நிமிடம் வெறும் விளித்தலுக்கு. ஜெனரேட்டர் டீசல் அதற்கும் எரிகிறது.

சாரம் | நவம்பர் 5, பகல் 1.30

சால்வையும் உண்டு. ஒரு ஆள் மேடை ஏறி, போட்டு, படம் எடுத்து, கைகுலுக்கி இறங்க 20 விநாடி. 80 பேர் என்றால் 27 நிமிடம்.

விளித்தல்: வரவேற்புரை ஆற்றுபவர் மட்டும் பட்டியலைப் படிக்கட்டும். தட்டச்சு செய்து, பதவி வரிசை சரிபார்த்து, மாவட்டத்திடம் ஒப்புதல் வாங்கிய பட்டியல். பெயர் விடுபட்டால் திட்டு அவருக்கு மட்டும். மற்றவர்கள் "மேடையில் வீற்றிருக்கும் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கலாம்.

சால்வை: மேடைக்குப் பின்னாலேயே ஒரு மேசை போட்டு, பேச்சாளர் காரிலிருந்து இறங்கியதும் அங்கே முடித்துவிடுவது. சால்வைக்குப் பதில் புத்தகம் என்று தலைவர்களே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். புத்தகத்துக்கும் அதே 20 விநாடிதான்.

இதைக் கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. மேடை விழுவது இந்தச் சால்வை நேரத்தில்தான். 24க்கு 16 மேடை, 384 சதுர அடி. 100 பேர் ஏறினாலும் ஆளுக்கு 65 கிலோ வைத்து ஆறரை டன். மேடை முழுக்கப் பரவினால் சதுர அடிக்கு 17 கிலோ, ஒழுங்காகக் கட்டிய சாரத்துக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் முகம் தெரிய 50 பேர் முன்விளிம்பின் 3 அடிக்குள் நெருக்குவார்கள். 72 சதுர அடியில் 3,250 கிலோ. சதுர அடிக்கு 45. அதுவும் ஆடிக்கொண்டே நிற்கும் பாரம். மேடை கீழ்நோக்கி நொறுங்குவது குறைவு, முன்பக்கம் சாய்ந்து விழுவதுதான் அதிகம்.

ஆகவே சாரக்காரரிடம் கேட்க வேண்டியது: கால் கம்பிகள் 4 அடிக்கு ஒன்று. முன் இரண்டு வரிசைக்கு 3 அடிக்கு ஒன்று. குறுக்குக் கம்பி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரண்டு பக்கமும். இதைத்தான் கூலி மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட். இரண்டு பலகை சேரும் இடத்துக்குக் கீழே கட்டாயம் கம்பி ஓட வேண்டும். படி இரண்டு, ஏற ஒன்று, இறங்க ஒன்று. ஏறும் படியில் பட்டியலோடு இரண்டு பேர். அந்த இருவரும் உள்ளூர்க்காரர்களாக இருக்கக் கூடாது. உள்ளூர்க்காரரால் யாரையும் "நில்லுங்க" என்று சொல்ல முடியாது, மறுநாள் டீக்கடையில் முகம் பார்க்க வேண்டும்.

வக்கீல் | நவம்பர் 6, காலை 10.05

820 என்ற எண்ணை மனுவில் எழுதுவதற்கு முன் ஒரு விஷயம். வருவது எத்தனை என்று உண்மையில் நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். அனுமதி எளிதில் கிடைக்கட்டும் என்று குறைத்துப் போடுவதும், செல்வாக்கு காட்டக் கூட்டிப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை காவலர் என்று முடிவு செய்வார்கள்.

கரூர் வேலுசாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27 இரவு அரசியல் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். யார் பொறுப்பு என்பது விசாரணையில் இருக்கிறது, அதற்குள் போகவில்லை. மறுக்கப்படாத சில விவரங்கள் மட்டும்: கூட்டம் பகலிலிருந்தே காத்திருந்தது, தலைவர் வந்தது இரவு 7 மணிக்கு மேல். 10,000 பேர் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் ஏறக்குறைய 27,000 பேர் திரண்டதாகக் காவல் துறை சொன்னது. இடம் சாலை. அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் அனுமதி கேட்பதையே மறந்துவிடுவது நல்லது. நீங்கள் திடலில் வைத்திருப்பது சரியான முடிவு.

சாரம் | நவம்பர் 6, மாலை 6.20

ஒரு சதுர மீட்டருக்கு 2 பேர் நின்றால் நடக்கலாம். 4 வரை தாங்கும். 5, 6 ஆகும்போது நம் காலை நாமே நினைத்த இடத்தில் வைக்க முடியாது. 7 ஆனால் கூட்டம் தண்ணீர் மாதிரி, ஓரிடத்தில் தள்ளினால் பத்து அடி தள்ளி அலை வரும். நெரிசலில் சாகிறவர்கள் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துப் போகிறார்கள். மேடையிலிருந்து பார்த்தால் அது உற்சாகமான கூட்டம் போலவே தெரியும். தலைகள் ஒன்றாக இடமும் வலமும் அசைந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

இதை எழுதும்போதுதான் என் 820 தப்பு என்று தெரிகிறது. திடல் முழுக்க நாற்காலி போட்டுவிட்டால் நிற்க வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? நடுவழியில்தான். திருத்திக்கொள்ளுங்கள். பின்னால் 20 அடியைக் காலியாக விடுங்கள். 62க்கு 80, 4,960 சதுர அடி, 600 நாற்காலி. பின்பட்டை 1,600 சதுர அடி, அதாவது 150 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சதுர மீட்டருக்கு 2 பேர் வீதம் 300. மொத்தம் 900. மனுவில் 900 என்று எழுதுங்கள். 1,500 பேர் வருவார்கள் என்று உண்மையிலேயே நம்பினால் வேறு இடம் பாருங்கள்.

நகரக் கிளை | நவம்பர் 6, இரவு 9.45

வேன் 14 பேசியிருந்தேன். 8 ஆகக் குறைக்கிறேன். வாசல் ஒன்றுதான், 12 அடி.

சாரம் | நவம்பர் 6, இரவு 10.10

12 அடி என்றால் 3.6 மீட்டர். சமதளத்தில் 1 மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்பது பிரிட்டன் விளையாட்டரங்கங்களில் வைத்திருக்கும் கணக்கு. படி இருந்தால் 66. உங்கள் வாசலில் நிமிடத்துக்கு 295 பேர், 900 பேருக்கு மூன்று நிமிடம். நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த 12 அடிக்கு வெளியே இரண்டு பக்கமும் பைக் நிற்கும், பஜ்ஜி வண்டி நிற்கும், 6 அடி மிஞ்சும். வாசலுக்கு வெளியே 50 அடி வரை கயிறு கட்டி இரண்டு ஆள் நிறுத்துங்கள். பஜ்ஜி வண்டிக்காரரைத் துரத்த வேண்டாம், எதிர்ப்புறம் இடம் காட்டினால் போதும்.

மேடைப் பக்கம் சுவரில் இரண்டாவது வழி திறக்க முடியுமா என்று நகராட்சியிடம் கேளுங்கள். மேடைக்கும் பேச்சாளர் காருக்கும் அதுதான் வழி. கார் கூட்டத்துக்குள் நுழையவே கூடாது. 108 வண்டி வந்தால் நிற்க 4 மீட்டர் அகலம் அங்கேயே கிடைக்கும்.

சவுக்குக் கட்டைத் தடுப்பு கட்டினால் 30 அடிக்கு ஒரு திறப்பு. திறப்பில் கட்டையை உருவு சுருக்கில் கட்டுங்கள், இழுத்தால் அவிழ வேண்டும். கட்டுக்கம்பி போட்டு முறுக்கினால் ஆபத்து நேரத்தில் வெட்டுவதற்குக் குறடு தேட வேண்டியிருக்கும்.

மைக்செட் | நவம்பர் 8, காலை 8.50

சவுண்டுக்கு வருவோம். 80 அடி அகலத்துக்கு மேடையின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பெட்டி, பாதித் தூரத்தில் இன்னும் ஒரு ஜோடி. இரண்டு பெரிய பெட்டியை அலற விடுவதைவிட ஆறு சின்னப் பெட்டி மெதுவாகப் பேசுவது நல்லது. வெளியே போகும் சத்தம் குறையும், பின்வரிசைக்கும் வார்த்தை புரியும். விதி என்னவென்றால் இடத்தின் எல்லையில் அளந்தால் அந்தப் பகுதியின் வழக்கமான ஒலியைவிட 10 டெசிபல், அல்லது 75, இரண்டில் எது குறைவோ அது. பெட்டியைக் கொஞ்சம் கீழே சாய்த்து, கூட்டத்தைப் பார்த்து உள்பக்கமாகத் திருப்பினால் பாதி வேலை முடிந்தது.

பாதித் தூரப் பெட்டிக்கு டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்து விடுவது) போடாமல் வைத்தால் எதிரொலி வரும். ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய 0.9 மில்லிவிநாடி. மேடைப் பெட்டியிலிருந்து 50 அடியில் இருக்கும் ஜோடிக்கு 45 மில்லிவிநாடி. டிஜிட்டல் மிக்சர் இருந்தால் ஒரு பொத்தான். இல்லாத செட்காரர் "எக்கோ நல்லா இருக்கும் சார்" என்பார். நம்பாதீங்க.

மைக் மூன்று. பேசுபவருக்கு ஒன்று, அதன் பக்கத்திலேயே உயிரோடு மாற்று ஒன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று. அறிவிப்பாளரிடம் இருப்பதுதான் அவசர மைக். பேச்சாளர் பேசிக்கொண்டிருந்தாலும் அவரால் குறுக்கிட முடிய வேண்டும். "முன்னால் தள்ளாதீர்கள், பின்னால் இருப்பவர்கள் இரண்டடி பின்னே போங்கள்" என்று பின்வரிசையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்வரிசையிடம் கெஞ்சிப் பலனில்லை, அவர்கள் தள்ளப்படுகிறவர்கள்.

பாங்கு நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. பேச்சை நிறுத்துவது நம்ம மேடைகளில் பழைய மரியாதை. பேச்சாளருக்குத் துண்டுச்சீட்டு போக வேண்டும்.

கணக்கு | நவம்பர் 8, காலை 10.20

ஜெனரேட்டர் பற்றி யாரும் பேசவில்லை.

மைக்செட் | நவம்பர் 8, பகல் 12.40

சவுண்டு 2 கிலோவாட். 50 வாட் எல்.இ.டி. விளக்கு 20, அது 1. பெரிய ஸ்டாண்டு விசிறி 10, அது 2. எல்.இ.டி. திரை 12க்கு 8 வைத்தால் உச்சத்தில் நாலரை. மொத்தம் 9.5. திறன் காரணி 0.8ஆல் வகுத்தால் 12 கே.வி.ஏ. தொடக்க இழுப்புக்குக் கால் பங்கு கூட்டினால் 15. கடையில் 15 கேட்டால் பழைய வண்டி வரும், 25 கேளுங்க. டீசல் மணிக்கு மூன்றரை, நாலு லிட்டர். மதியம் 3 முதல் இரவு 10 வரை 28. 40 லிட்டர் வைத்துக்கொள்ளுங்க, ஓடும்போது ஊற்றக் கூடாது.

தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, மின்திருட்டு. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கினால் ஜெனரேட்டரோடு சேர்த்து மாற்றுச் சுவிட்ச் வழியாகத்தான் வர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று விளக்க யாரும் மிஞ்ச மாட்டார்கள். 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கர் மேடை லைனுக்குக் கட்டாயம். நவம்பர் மழை, ஈர மேடை, வெறுங்கால், உலோக மைக். சேர்த்துப் பாருங்க.

சாரம் | நவம்பர் 9, காலை 6.30

மழை என்றதும் ஞாபகம் வந்தது. மேடைக்குப் பின்னால் 24க்கு 12 பிளெக்ஸ் கட்டுவீர்கள். 288 சதுர அடி, பாய்மரம் அது. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் ஏறக்குறைய 300 கிலோ தள்ளும். அந்த 300 கிலோவும் 12 அடி உயரக் கம்பியின் நடு உயரத்திலிருந்து மேடையைப் புரட்டும். பின்னணிக்குத் தனிச் சாரம், பின்பக்கம் சாய்வுக் கால். மேடைச் சாரத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். துணியில் அச்சடித்தால் இன்னும் நல்லது.

ஈர மண்ணில் கால் தட்டின் கீழே பலகைத் துண்டு. இல்லையென்றால் மாலையில் சமமாக இருந்த மேடை இரவில் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். முதல் நாளே கட்டி முடித்து, இருபது பேரை ஏற்றி முன்விளிம்பில் நிற்க வைத்துப் பாருங்கள். சேறானால் நாற்காலிப் பகுதியில் கிரஷர் தூள் இரண்டு லோடு. மணல் வேண்டாம், அன்றிரவே காணாமல் போகும்.

வக்கீல் | நவம்பர் 10, காலை 11.00

பேனர் விஷயம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு நீதிமன்றம் இதில் பொறுமையாக இல்லை. அனுமதியில்லாத பேனரைத் தூக்குவது நகராட்சி, செலவு உங்களிடம். கொடிக்கம்பத்துக்குச் சாலையில் குழி தோண்டாதீர்கள். பொது இடங்களில் இருக்கும் நிரந்தரக் கொடிக்கம்பங்களையே அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மணல் நிரப்பிய தகர டப்பாவில் மூங்கில் நட்டால் மறுநாள் தூக்கிக்கொண்டு போகலாம். பிளாஸ்டிக் கொடித் தோரணம் 2019 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. தண்ணீர்ப் பாக்கெட்டும் அதே பட்டியல். சரவெடியை 2018லேயே உச்சநீதிமன்றம் தடுத்துவிட்டது. தலைவர் காரிலிருந்து இறங்கும்போது பத்தாயிரம் வாலா என்ற ஆசையை விடுங்கள்.

நகரக் கிளை | நவம்பர் 10, பகல் 2.15

கிரேனில் மாலை?

சாரம் | நவம்பர் 10, பகல் 2.20

மேலே மின்கம்பி போகிறதா?

நகரக் கிளை | நவம்பர் 10, பகல் 2.40

போகிறது.

சாரம் | நவம்பர் 10, பகல் 2.41

மாலையைக் கழுத்தில் போடுங்கள்.

கணக்கு | நவம்பர் 12, இரவு 8.00

தண்ணீர்: 900 பேருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், 20 லிட்டர் கேன் 45. மேடை, காவலர், தொண்டர் சேர்த்து 55. நாலு மூலையில் வையுங்கள், மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு நெரிசல். எவர்சில்வர் டம்ளர், சங்கிலி இல்லாமல் 60 வைத்தால் 35 திரும்பும். பெண்களுக்குத் தற்காலிகக் கழிவறை குறைந்தது நாலு வேண்டும், வெளிச்சத்தில். நாம் விளக்கே போடாத மூலையில் வைத்துவிட்டு "யாரும் பயன்படுத்தவில்லை" என்போம்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திடலுக்குள் கொடுக்காதீர்கள். வேனில், திரும்பும்போது, வண்டிக்கு ஒருவர் பொறுப்பு. குட்டி யானையில் ஆள் ஏற்றி வருவது சரக்கு வண்டிக்கு அனுமதியில்லாத வேலை, ஒரு விபத்து போதும்.

போஸ்டர்: 1 கிலோ மைதாவுக்கு 7, 8 லிட்டர் தண்ணீர், கட்டி விழாமல் காய்ச்ச வேண்டும். சிலர் மயில்துத்தம் கலக்கிறார்கள். வேண்டாம், போஸ்டரை மாடு தின்னும், தின்றால் மாடு போகும். மாடு தின்பதால் போஸ்டர் போவது நமக்கு நஷ்டம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

கணக்கு | நவம்பர் 12, இரவு 8.25

இப்போதே பழகிவிடுங்கள் என்பதற்காக: தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் இதே கூட்டம் வேறு கூட்டம். அனுமதி தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளம் வழியாக, 48 மணி நேரம் முன்னால், முதலில் கேட்டவருக்கு முதலில். தேர்தல் ஆணைய வீடியோக் குழு நாற்காலியை எண்ணும், மாவட்டத் தேர்தல் அதிகாரியின் விலைப்பட்டியலால் பெருக்கும். நீங்கள் ஓசியில் வாங்கிய நாற்காலிக்கும் அதே விலைதான். சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம். நட்சத்திரப் பேச்சாளரோடு வேட்பாளர் மேடையில் நின்றால் கூட்டச் செலவில் பங்கு வேட்பாளர் கணக்கில் ஏறும். நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு. குழந்தைகள் கையில் கொடி கொடுக்காதீர்கள், 2024 பிப்ரவரியில் ஆணையம் அதையும் தடுத்துவிட்டது.

மைக்செட் | நவம்பர் 12, இரவு 9.05

அப்போது "அவர்களே"யையும் செலவுக் கணக்கில் ஏற்றினால் நாடு உருப்படும்.

நகரக் கிளை | நவம்பர் 15, காலை 10.30

அனுமதி வந்தது. 24 நிபந்தனை. முடிவு நேரம் 9 மணி என்று போட்டிருக்கிறார்கள். பேச்சாளர் 7.30க்கு வர ஒப்புக்கொண்டார். நோட்டீஸில் படம் யாருக்குப் பெரிதாக என்பதில்தான் இப்போது தகராறு.

வக்கீல் | நவம்பர் 15, காலை 11.15

நிபந்தனைத் தாளை நாலு நகல் எடுத்து மேடை, வாசல், மைக் செட், வேன் நிறுத்தம் நாலு இடத்திலும் ஒவ்வொருவர் சட்டைப் பையில் வையுங்கள். படத் தகராறுக்குச் சட்டத்தில் தீர்வு இல்லை.

சாரம் | நவம்பர் 15, பகல் 12.00

படமே போடாதீர்கள். இடம், தேதி, நேரம், பிரச்சினை. எழுத்து பெரிதாகும், தூரத்திலிருந்து படிக்கலாம். மாவட்டம் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும், சொல்லி வைத்தேன்.

சாரம் | நவம்பர் 22, இரவு 7.50

கடைசியாக ஒன்று. நாற்காலியை இறக்கும்போது எண்ணுங்கள். ஏற்றும்போது அன்றிரவே, லாரி புறப்படும் முன், கடைக்காரரின் ஆளோடு சேர்ந்து எண்ணுங்கள். பத்துப் பத்தாக அடுக்கினால் எண்ணுவது சுலபம். காலையில் எண்ணலாம் என்று விட்டால் காலையில் குறையும்.

நகரக் கிளை | நவம்பர் 24, காலை 8.10

8.52க்கு முடிந்தது. கூட்டம் 900க்குக் கொஞ்சம் குறைவு. நாற்காலி 600இல் 589தான் இருக்கிறது.

சாரம் | நவம்பர் 24, காலை 8.30

எதிரே இருக்கும் டீக்கடையில் பாருங்கள்.

நகரக் கிளை | நவம்பர் 24, காலை 9.15

அங்கே 9. மீதி 2?

மைக்செட் | நவம்பர் 24, காலை 9.20

பக்கத்தில் சலூன் இருக்கிறதா?